சுத்துறது எது, நிக்கிறது எது?
(மாவாட்டும் எந்திரத்தின் கதையும், அது வேலை செய்யும் விதமும்)



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். மேலூர் பக்கம் ஒரு கிராமம். குழுவின் பெயர் வேண்டாம். பதினாலு பேர் இருக்கிற குழுவில் ஆறு பேர் சேர்ந்து வங்கிக் கடன் வாங்கி, சாய்க்கிற மாதிரியான 10 லிட்டர் கிரைண்டர் ஒன்று போட்டு, இட்லி மாவு வியாபாரம் ஆரம்பித்தார்கள். இரண்டு இட்லிக் கடை, ஒரு டீக்கடை, தெருவில் வீட்டு வாடிக்கை என்று நன்றாகத்தான் போய்க்கொண்டு இருந்தது.

சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம். ஊரெல்லாம் விருந்தாள், மாவுக்கு ஏகப்பட்ட கிராக்கி. முதல் நாள் ராத்திரி 20 கிலோ அரிசியை ஊறப் போட்டுவிட்டு, விடியற்காலையில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடுகிறது, டிரம் சுத்தவில்லை. டவுனில் இருந்து வந்த மெக்கானிக் பார்த்துவிட்டு, "மோட்டார் போச்சும்மா" என்று கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஐந்து நாள் கழித்துத்தான் திரும்பி வந்தது. அதற்குள் திருவிழா முடிந்து, இரண்டு இட்லிக் கடையும் வேறு ஆளிடம் மாவு வாங்க ஆரம்பித்துவிட்டன. ஒரு பாட்டி மட்டும், கோழிக்குத் தண்ணி வைத்திருந்த பழைய ஆட்டுக்கல்லைக் கழுவி நிமிர்த்தி, கொஞ்சம் மாவு ஆட்டிக் கொடுத்தார். மீதி அரிசி புளிச்சு வீணாகப் போச்சு. தவணை இரண்டு மாதம் தள்ளிப்போனது. கூட்டத்தில் ஒருத்தருக்கு ஒருத்தர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாலு மாதம் கழித்து மறுபடியும் அதே கோளாறு. இந்த முறை வந்தவர் பக்கத்து ஊர்ப் பையன். ஸ்பேனரால் நாலு போல்ட்டைத் தளர்த்தி, மோட்டாரைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, மறுபடி முடுக்கினார். பத்து நிமிஷம். டிரம் சுத்த ஆரம்பித்தது. "பெல்ட் தளர்ந்து போச்சுக்கா, வேற ஒண்ணும் இல்லை" என்றார்.

முதலில் வந்தவர் ஏமாற்றினாரா, அன்றைக்கு உண்மையிலேயே மோட்டாரிலும் கோளாறு இருந்ததா? நமக்குத் தெரியாது. நின்று கேள்வி கேட்கிற அளவுக்கு அந்த மிஷினைப் பற்றி அந்த ஆறு பேருக்கும் தெரிந்திருக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டிய நாங்களும் கடன் படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு நின்றுவிட்டோம். அந்தக் குறை எங்களுடையது. அதனால்தான் இந்த இதழில், நம் வீட்டிலும் குழுவிலும் தினமும் சுத்துகிற கிரைண்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்.

ஆட்டுக்கல் செய்த இரண்டு வேலை

கிரைண்டரைப் புரிந்துகொள்ள முதலில் ஆட்டுக்கல்லைப் பார்க்க வேண்டும். நம்மில் வயதானவர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. நடுவில் குழி உள்ள பெரிய கல். அதற்குள் அடி பருத்த குழவி. ஒரு கை குழவியைச் சுத்தும். இன்னொரு கை, ஓரத்தில் ஏறிவருகிற மாவைத் திரும்பத் திரும்பக் குழிக்குள் தள்ளிவிடும்.

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆட்டுகிறவர் செய்வது ஒரு வேலை அல்ல, இரண்டு வேலை. ஒன்று சுத்துவது. இரண்டு தள்ளுவது. தள்ளாமல் விட்டால் குழவி வெறும் கல்லில்தான் உரசும், மாவு ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு கையும் ஒரே தாளத்தில் போக வேண்டும். கொஞ்சம் பிசகினால் விரல் குழவிக்கு அடியில் போய்விடும். விரல் நசுங்கின கதை இல்லாத தெருவே கிடையாது.

ஒரு வீட்டுக்கு மாவாட்ட ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும். தோளும் இடுப்பும் கழன்று போகும். அதனால்தான் அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கிராமங்களில் இட்லி, தோசை என்றால் தீபாவளி, பொங்கல், விருந்தாள் வருகிற நாள் என்று இருந்தது. மற்ற நாளில் கம்பங்கூழும் கேப்பைக் களியும் சோறும்தான். அரிசி விலை ஒரு காரணம். ஆட்டுகிற உழைப்பு இன்னொரு காரணம்.

கல் தேய்ந்து வழுவழுப்பானால் மாவு அரைபடாது. "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். உளியும் சுத்தியலும் வைத்துப் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தச் சொரசொரப்புதான் மாவை அரைக்கிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் கிரைண்டரிலும் இதே விஷயம் வரும்.

கோவையில் 1955

1955-ல் கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் மாவாட்டும் எந்திரத்தை உருவாக்கினார். இன்று நாம் 'வெட் கிரைண்டர்' என்று சொல்வதன் தொடக்கம் அதுதான். ஈரமாக அரைப்பதால் அந்தப் பெயர்.

ஏன் கோவையில்? அதற்கான சாமான்கள் எல்லாம் அங்கே இருந்தன. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியதும் கோவைக்கு மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின. ஆலைக்கும் கிணற்றுக்கும் மோட்டார் தேவைப்பட்டது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து நம் நாட்டிலேயே தயாரித்த மின் மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். வார்ப்படம் போடுகிற பட்டறை, கடைசல் பட்டறை, மோட்டார் கட்டுகிற ஆள், கூடவே கிரானைட் கல். மாவாட்டும் மிஷினுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆரம்பத்தில் வந்தவை தரையில் நிற்கிற கனமான மிஷின்கள். ஓட்டல்களுக்கும் மாவு அரைத்துக் கொடுக்கிற கடைகளுக்கும்தான் போயின. குழவியைத் தூக்கி வைத்துவிட்டு மாவைக் கையால் வழித்து எடுக்க வேண்டும். பிறகு டிரம்மை அப்படியே சாய்த்து மாவை ஊற்றுகிற 'டில்டிங்' மாடல் வந்தது. அதற்கும் பிறகு, டிரம்மைத் தனியாகத் தூக்கி எடுக்கிற மேசை மாடல், அதாவது 'டேபிள் டாப்' வந்தது. வீட்டு அடுப்படிக்குள் கிரைண்டர் நுழைந்தது இப்படித்தான்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அரிசி வாங்குகிற ரேஷன் கார்டு வைத்திருந்த குடும்பங்களுக்கு அவை வந்தன. நம் உறுப்பினர்களில் பல பேர் வீட்டில் முதல் கிரைண்டர் அதுவாகத்தான் இருக்கும்.

'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நம் மதுரை சுங்குடிக்கும் மதுரை மல்லிக்கும் கிடைத்ததே, அதே குறியீடுதான். சேலைக்கும் பூவுக்கும் உள்ள மரியாதை ஒரு அடுப்படி மிஷினுக்கும் உண்டு என்பது நல்ல விஷயம்தானே!

திருப்பிப் போட்ட யோசனை

இப்போது ஒரு கேள்வி. ஆட்டுக்கல்லில் சுத்துவது எது? குழவி. நிற்பது எது? கல். கிரைண்டரில் சுத்துவது எது? உங்கள் வீட்டுக் கிரைண்டரைக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். டிரம்தான் சுத்துகிறது! குழவி இருந்த இடத்திலேயே இருக்கிறது. தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

இதில் என்ன லாபம்? ஆட்டுகிறவரின் இரண்டாவது வேலை நினைவிருக்கிறதா, மாவைத் தள்ளிவிடுவது? டிரம் சுத்தும்போது அதன் சுவரில் ஒட்டின மாவும் கூடவே சுத்திக்கொண்டு வரும். ஓரத்தில் அசையாமல் ஒரு தகட்டை நிறுத்திவிட்டால் போதும். வருகிற மாவை எல்லாம் அது வழித்துக் குழவிக்கு அடியில் தள்ளிவிடும். நம் இடது கை செய்த வேலையை ஒரு சின்னத் தகடு செய்கிறது. கல்லை நிறுத்திக் குழவியைச் சுத்தவிட்டிருந்தால், மாவு தள்ள இன்னொரு கையையும் மிஷினிலேயே செய்து வைக்க வேண்டியிருக்கும்.

இந்தத் திருப்பிப் போடுகிற யோசனை உலகத்தில் வேறு இடத்திலும் நடந்திருக்கிறது. கடல் கடந்து அமெரிக்காவில், ஆப்பிள் தோல் உரிப்பதற்கு ஒரு மிஷின் செய்தார்கள். அங்கே ஆப்பிள் நம் ஊர் மாங்காய் மாதிரி. நாம் மாங்காயை வற்றல் போடுகிற மாதிரி, அவர்கள் குளிர்காலத்துக்காக ஆப்பிளைத் தோல் சீவி, நறுக்கி, நூலில் கோத்துக் காயவைப்பார்கள். கூடை கூடையாக உரிக்க வேண்டும். அதனால் அறுவடைக் காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களும் பிள்ளைகளும் ஒரு வீட்டில் கூடி, பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் ராத்திரி வரைக்கும் உரிப்பார்கள். இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு இன்னொரு வீடு. நம் ஊரில் வத்தல் வடாம் போடும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கை கொடுப்பதில்லையா, அது மாதிரிதான்.

கையால் உரிக்கும்போது கத்தி பழத்தைச் சுற்றி வர வேண்டும். 1803-ல் மோசஸ் கோட்ஸ் என்பவர் அந்த நாட்டில் காப்புரிமை வாங்கிய மிஷினில், பழம் முள்ளில் குத்தப்பட்டுச் சுத்தியது, கத்தி பழத்தின் மேல் அணைந்து நின்று தோலைச் சீவியது. கைப்பிடியைச் சுத்தினால் போதும். முதலில் மரத்தில் செய்தார்கள். 1853-க்குப் பிறகு வார்ப்பு இரும்பில் ஏராளமாகச் செய்து விற்றார்கள். பல் சக்கரம் வைத்ததால், கைப்பிடி ஒரு சுத்து சுத்தினால் பழம் பல சுத்து சுத்தும். பழம் எல்லாம் ஒரே உருண்டையாக இருக்காதே, மேடு பள்ளம் இருக்குமே என்று கத்திக்கு ஒரு ஸ்பிரிங் வைத்தார்கள். பழத்தின் மேட்டுக்கு ஏற்ப அது ஏறி இறங்கும். 1864-ல் டேவிட் குடெல் என்பவர் கொண்டுவந்த மிஷினுக்கு 'மின்னல்' என்று பொருள்படும் பெயர். அவ்வளவு வேகமாம்! அவர் பின்னாளில் தன் மாநிலத்துக்கு ஆளுநராகவும் ஆனார்.

அந்த இரும்பு மிஷின்களை இப்போது அங்கே பழம்பொருளாகச் சேர்த்து வைக்கிறார்கள். நம் வீட்டில் மேசையில் முடுக்கி வைத்துக் கைப்பிடியைச் சுத்தித் தேங்காய் துருவுகிறோமே, அந்தத் துருவியைப் பார்த்தால் அந்த மிஷின் எப்படி இருக்கும் என்று சுலபமாகப் புரிந்துவிடும். அதே முடுக்கி, அதே கைப்பிடி. துருவியில் பல் சக்கரம் கிடையாது, அவ்வளவுதான்.

உள்ளே என்ன இருக்கிறது?

இப்போது நம் கிரைண்டரின் வயிற்றுக்குள் போவோம். பயப்பட ஒன்றும் இல்லை. ஆறே சமாச்சாரம்தான்.

1. மோட்டார். மின்சாரத்தைச் சுத்துகிற வேகமாக மாற்றுவது இது. பெரிய கிரைண்டர்களில் உள்ள மோட்டார் பெரும்பாலும் நிமிஷத்துக்கு சுமார் 1,440 தடவை சுத்தும். அந்த வேகத்தில் டிரம்மைச் சுத்தினால் மாவு அரைபடாது, சுவரெல்லாம் தெறிக்கும். வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

2. கப்பிகள். கிணற்றுக் கப்பி மாதிரியே, ஆனால் இரண்டு. மோட்டாரில் சின்னது, டிரம்முக்கு அடியில் பெரியது. தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது உடனே புரியும். தையல் மிஷினில் கீழே பெரிய சக்கரம் ஒரு சுத்து சுத்தினால் மேலே சின்னச் சக்கரம் பல சுத்து சுத்தும், வேகம் கூடும். கிரைண்டரில் அதற்கு நேர்மாறு. சின்னது 2 அங்குலம், பெரியது 16 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சின்னது எட்டுச் சுத்து சுத்தினால் பெரியது ஒரு சுத்து. 1,440 சுத்து 180 ஆகிவிடும். வேகம் குறையும்போது இழுக்கிற பலம் கூடும். கல்லும் மாவும் சேர்ந்த கனத்தைச் சுத்த அந்தப் பலம்தான் வேண்டும்.

3. பெல்ட். இரண்டு கப்பியையும் இணைக்கிற ரப்பர் வார். கப்பியில் உள்ள பள்ளத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தால்தான் இழுக்கும். நாள்பட்ட பெல்ட் நீளும், வழுக்கும். எண்ணெயோ தண்ணியோ பட்டாலும் வழுக்கும். மோட்டார் ஓடுகிறது, டிரம் சுத்தவில்லை என்றால் முதல் சந்தேகம் பெல்ட் மேல்தான். மேலூர் பக்கத்துக் குழுவில் நடந்தது இதுவே.

4. கண்டென்சர். ஒற்றை பேஸ் மோட்டாருக்கு முதல் தள்ளு கொடுப்பது இது. ஊஞ்சலை முதலில் யாராவது தள்ளிவிட்டால்தானே ஆடும்? சுவிட்சைப் போட்டால் மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, சுத்தவில்லை என்றால் கண்டென்சர் போயிருக்கலாம். அப்படியே விட்டால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். உடனே சுவிட்சை அணைக்க வேண்டும்.

5. கல்லும் குழவியும். மேசை கிரைண்டரில் இரண்டு அல்லது மூன்று உருளைக் கல் இருக்கும். ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் சிறுத்து இருக்கும். ஏன் அந்த வடிவம்? களத்தில் பிணையல் மாடு கட்டிப் போரடித்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் இருக்கிற மாடு நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பும், ஓரத்து மாடு வேகமாக நடக்க வேண்டும். டிரம்மிலும் அப்படித்தான். நடுவில் ஓட்டம் குறைவு, ஓரத்தில் ஓட்டம் அதிகம். அதனால் ஓரத்துப் பக்கம் கல் பருமனாகவும், நடுப் பக்கம் சின்னதாகவும் இருந்தால் கல் சீராக உருளும். உருளைக் கல்லை மோட்டார் சுத்துவது இல்லை. அடியில் சுத்துகிற கல்லும் மாவும் உரசுவதாலேயே அது தானாக உருளும்.

6. வழிக்கிற தகடு. மேலே சொன்ன இடது கை இதுதான். இது தேய்ந்தாலோ, தள்ளி உட்கார்ந்தாலோ, மாவு ஓரத்தில் ஒட்டி நிற்கும். "என்னமோ இப்பல்லாம் திப்பி திப்பியா வருது" என்று சொல்வதற்கு முன்னால் இதைப் பாருங்கள். தகடு சரியாக இருந்தும் திப்பி வந்தால் கல் வழுவழுப்பாகியிருக்கும். கொத்த வேண்டும். ஆட்டுக்கல் காலத்துப் பாடம் இன்றைக்கும் மாறவில்லை.

மிக்சியில் போட்டால் என்ன?

பல பேர் கேட்கிற கேள்வி. மிக்சியின் பிளேடு நிமிஷத்துக்குப் பல ஆயிரம் தடவை சுத்தி உளுந்தை வெட்டுகிறது. வெட்டும்போது சூடு ஏறும். கிரைண்டர் மெதுவாகச் சுத்தி உரசுகிறது. உரசும்போது உளுந்து மாவில் காற்று புகுந்து பொங்கும், சூடும் குறைவு. அதே உளுந்து, அதே தண்ணி, ஆனால் கிரைண்டர் மாவு பந்து மாதிரி பொங்கி வருவது அதனால்தான். உளுந்து உபரியாகக் காணும் என்றால் வியாபாரத்துக்கு அதுவே லாபம். வெயில் காலத்தில் ஆட்டும்போது குளிர்ந்த தண்ணி தெளித்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

நேரம் மிச்சமாச்சா?

இதைக் கூட்டங்களில் கேட்டுப் பார்த்தோம். "ஆமா, ஒன்றரை மணி நேரம் இடுப்பு ஒடிய ஆட்டினோம், இப்ப சுவிட்சைப் போட்டுட்டு வேற வேலை பாக்குறோம்" என்றார் ஒரு அம்மா. உடனே பக்கத்தில் இருந்தவர், "அது சரி, அப்ப வருஷத்துக்கு நாலு தடவை ஆட்டினோம், இப்ப வாரத்துக்கு மூணு தடவை ஆட்டுறோம். ஊறப் போடுறது, கழுவுறது, கல்லைக் கழுவித் தூக்கி வைக்கிறது யாரு? நாமதானே!" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவர் சொன்னது யோசிக்க வேண்டிய விஷயம்.

மிஷின் வந்தால் உடம்பு வலி குறையும், நிச்சயம். ஆனால் வேலையின் எண்ணிக்கை கூடிவிடும். அதோடு இன்னொன்றும் நடக்கும். ஆட்டுக்கல் காலத்தில் எந்தக் கோளாறு வந்தாலும் ஆட்டுகிற பெண்ணுக்கே தெரியும், எப்போது கொத்த வேண்டும் என்பதும் அவருக்கே தெரியும். கிரைண்டர் வந்த பிறகு மாவாட்டுவது பொம்பளை வேலை, மிஷினைத் திறந்து பார்ப்பது ஆம்பளை வேலை என்று ஆகிவிட்டது. தினமும் ஓட்டுகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்தவர் என்ன சொல்கிறாரோ அதுதான் விலை. கடன் நம் பேரில், சாவி வேறு ஒருத்தர் கையில் என்ற கதைதான்.

குழுவாக மிஷின் வாங்கும்போது

• எத்தனை கிலோ விற்கும் என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் மிஷின் அளவை முடிவு செய்யுங்கள். 10 லிட்டர் என்பது டிரம்மின் கொள்ளளவு. அவ்வளவு அரிசி போட முடியாது. அரைபடும்போது மாவு ஏறும், உளுந்து பொங்கும்.

• கரண்ட் செலவைக் கணக்குப் போடுங்கள். 1 எச்.பி. என்பது 746 வாட்ஸ். 1 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமாராக முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்ளலாம். வீட்டு மேசை கிரைண்டர் 150 வாட்ஸ் என்றால், அரை மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. வியாபாரம் என்றால் வீட்டு இணைப்பில் ஓட்டக் கூடாது. மின்வாரிய அலுவலகத்தில் எந்த வகை இணைப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

• பில் இல்லாமல் வாங்காதீர்கள். 2022 ஜூலையில் கிரைண்டருக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டபோது, "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்று சொன்ன கடைகளும் உண்டு. பில் இல்லை என்றால் உத்தரவாதமும் இல்லை, வங்கிக் கணக்கும் நேராகாது.

• வாங்குகிற அன்றைக்கே கடைக்காரரை மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பெல்ட்டை இறுக்குவது எப்படி, பெல்ட்டின் எண் என்ன என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். அதே எண்ணில் ஒரு பெல்ட் உபரியாக வாங்கி வையுங்கள்.

• விற்கிற ஒவ்வொரு கிலோ மாவுக்கும் ஒரு சின்னத் தொகையை 'மிஷின் உண்டியல்' என்று தனியாகப் போட்டு வையுங்கள். ரிப்பேர் வரும்போது சந்தா பிரிக்க வேண்டியது இல்லை, சண்டையும் இல்லை.

• மாவு விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். இதற்கு நம் கூட்டமைப்பு உதவி செய்யும்.

தினமும் பார்க்க வேண்டியவை

• திறப்பதற்கு முன்னால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிட வேண்டும். வியாபார மிஷின் என்றால் மெயினை அணைக்க வேண்டும். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள்.

• மூணு பின் பிளக்கில் எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று வயர்மேனை வைத்துப் பாருங்கள். மாவு, தண்ணி, கரண்ட் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிற வேலை இது. கசிவு ஏற்பட்டால் தானாக அணைகிற கருவியும் போட்டுவிட்டால் நல்லது.

• முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். சடையை முடிந்துகொள்ளுங்கள். பெல்ட்டுக்கு மேல் மூடி இல்லாமல் மிஷினை ஓட்டவே கூடாது. சுத்திக்கொண்டு இருக்கும்போது மாவு பதம் பார்க்க விரலை விடாதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

• மாதம் ஒரு தடவை, பிளக்கை உருவிவிட்டு, பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். சுமார் அரை அங்குலம் அமுங்கினால் சரி. அதைவிட அதிகம் அமுங்கினால் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அமுங்கவே இல்லை என்றால் அதிக இறுக்கம், பேரிங் சீக்கிரம் போய்விடும்.

• 'கரகர' என்று சத்தம் வந்தால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். அரிசியில் கல் கிடந்தாலும் சத்தம் வரும், அதையும் பாருங்கள். கருகின வாசனை வந்தால் உடனே நிறுத்துங்கள்.

• புதுக் கல்லில் முதலில் ஒன்றிரண்டு தடவை வேண்டாத அரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டிவிடுங்கள். கல்தூள் போய்விடும்.

மேலூர் பக்கத்துக் குழுவுக்கு இப்போது…

அந்தக் குழு மாவு வியாபாரத்தை விட்டுவிடவில்லை. போன இட்லிக் கடைகளில் ஒன்று திரும்பி வந்தது, இன்னொன்று வரவே இல்லை. தவணையை இழுத்துப் பிடித்துக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஆறு பேரில் இரண்டு பேர் அந்தப் பையனிடம் கேட்டு பெல்ட் மாற்றக் கற்றுக்கொண்டார்கள். போன மாதம் நாங்கள் போனபோது ஒருத்தர் ஸ்பேனரைக் காட்டி, "சார், மேடம் எல்லாம் வந்தா டீ குடுப்போம். இப்ப இதையும் காட்டுறோம்" என்றார். சுவரில் ஆணி அடித்து, கரண்டிகளுக்குப் பக்கத்திலேயே ஸ்பேனரையும் உபரி பெல்ட்டையும் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

கோழிக்குத் தண்ணி வைத்த ஆட்டுக்கல்லையும் இப்போது கழுவி, குழவியோடு உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள். "கரண்ட் போனா வேணும்ல" என்கிறார் அந்தப் பாட்டி.

சகோதரிகளே, மெக்கானிக் வேலையை நாமே செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. மோட்டார் கட்டுவதற்கு அதற்கான ஆள்தான் வேண்டும். ஆனால் கோளாறு பெல்ட்டிலா, கண்டென்சரிலா, மோட்டாரிலா என்று கேட்கத் தெரிந்தால், பதில் சொல்கிறவர் யோசித்துத்தான் சொல்வார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில், நம் பகுதியில் என்னென்ன மிஷின்கள் ஓடுகின்றன? (கிரைண்டர், தையல் மிஷின், மாவு மில், முறுக்கு மிஷின்…)
2. அவை நின்றுபோனால் யாரைக் கூப்பிடுகிறோம்? கடைசியாக எவ்வளவு கொடுத்தோம்? என்ன கோளாறு என்று சொன்னார்கள்?
3. நம்மில் யாருக்காவது பெல்ட் மாற்றத் தெரியுமா? யார் கற்றுக்கொள்ள விரும்புகிறார்கள்? பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு நாள் பயிற்சிக்கு ஏற்பாடு செய்கிறோம்.

பயிற்சிக்கு வரும்போது பழைய பெல்ட் இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள்.